கணினிக்குள் ஒரு தளம்

உரைநடை உலகம்

நுழையும்முன்

கல்லைத் தூண்மேல் ஏற்றிப் பாவிய காலம் முதல், கற்காரைப் பலகைகளைப் பாரந்தூக்கியால் எடுத்து அடுக்கும் இக்காலம் வரை, தலைக்கு மேலுள்ள தளம் தாங்குமா என்ற கேள்வியை மனிதன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். அன்று அக்கேள்விக்கு அனுபவம் விடை சொன்னது. இன்று கணினியும் சேர்ந்து விடை சொல்கிறது. ஆனால், கணினி நம் வீட்டைக் கண்டதில்லை. நாம் எழுதித் தரும் எளிய மாதிரியையே அது அறியும். அம்மாதிரியில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்னும் அறிவே பொறியியல். அதனைக் கரிசல் நிலத்தில் நின்று காண்போம்.

கரிசலில் ஒரு கூரை

தூத்துக்குடி மாவட்டத்தில் கோவில்பட்டிக்குக் கிழக்கே, விளாத்திகுளம் வட்டாரத்தில் உள்ளது புதூர். கண்ணுக்கு எட்டிய தொலைவுவரை மானாவாரி நிலம். பருத்தியும் கம்பும் உளுந்தும் மிளகாயும் விளையும் இந்தக் கரிசல்மண், ஐப்பசி, கார்த்திகை மழையில் நீரை உண்டு உப்பும். கோடையில் நீரை இழந்து சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். பயிருக்கு ஈரத்தைச் சேர்த்துவைக்கும் இக்குணமே சுவருக்குப் பகையாகிறது. மண் எழும்போது சுவரும் எழும். மண் தாழும்போது சுவரும் தாழும். சுவர் அசைந்தால் கூரையும் அசையும்.

இப்பகுதியின் பழைய வீடுகளில் பனங்கைகளின்மேல் ஓலை வேய்ந்தனர், ஓடு அடுக்கினர். அக்கூரைகள் எடை குறைந்தவை. சுவரின் சிற்றசைவைப் பொறுத்துக்கொண்டவை. இன்று அவ்விடத்தில் கற்காரைத் தளம் வந்துவிட்டது. உறுதியும் தட்டையான மாடியும் கிடைத்தன. ஆனால், தலைக்கு மேலுள்ள எடை பன்மடங்காயிற்று. எனவே, கணக்கின் தேவையும் கூடிற்று.

கற்பாவிலிருந்து கற்காரைப் பலகைக்கு

கழுகுமலையில் உள்ள வெட்டுவான் கோயில், பாண்டியர் காலத்தில் எட்டாம் நூற்றாண்டளவில் ஒரே பாறையைக் குடைந்து செதுக்கப்பட்டது. அதில் இணைப்பு என்பதே இல்லை. நம் ஊர்க் கோவில் மண்டபங்களோ வேறு வகையின. தூணும் போதிகையும் உத்திரமும் தனித்தனியே செய்யப்பட்டு, அவற்றின்மேல் கற்பலகைகள் பாவப்பட்டன. பிறிதோரிடத்தில் உருவாக்கி, உரிய இடத்தில் பொருத்தும் முறையே அது. இன்றைய முன்வார்ப்புக் கட்டுமானத்தின் கருத்தும் அதுவே.

கல்லுக்கு ஒரு குறை உண்டு. அமுக்குவிசையை நன்கு தாங்கும் கல், இழுவிசைக்கு எளிதில் உடையும். இரு முனைகளில் தாங்கப்பட்ட பலகை சுமையேறி வளையும்போது, அதன் மேற்பகுதி அமுங்கும், கீழ்ப்பகுதி இழுபடும். ஆகவேதான் கல்மண்டபங்களில் தூண்கள் நெருங்கி நிற்கின்றன. கான்கிரீட் எனப்படும் கற்காரைக்கும் இதே குறை உண்டு. அதன் இழுவலிமை, அமுக்குவலிமையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே. அக்குறையை நீக்க, இழுபடும் கீழ்ப்பகுதியில் எஃகுக் கம்பிகளைப் பதிக்கின்றனர். இதுவே வலுவூட்டிய கற்காரை.

வீட்டிலேயே பலகையடித்து, கம்பி கட்டி, கற்காரை கொட்டித் தளம் அமைப்பது வழக்கமான முறை. தளப் பலகைகளைப் பணிமனையில் வார்த்து, நீராற்றி, உறுதி பெற்றபின் கொணர்ந்து சுவர்மேல் அடுக்குவது முன்வார்ப்பு முறை. இம்முறையில் தரத்தைச் சீராகக் காக்கலாம். காலமும் முட்டுப்பலகைச் செலவும் குறையும். ஆனால், வெட்டுவான் கோயிலைப் போல ஒன்றாயிருந்த தளம், மண்டபத்தைப் போலப் பல துண்டுகளாகிறது. அத்துண்டுகளை எப்படி ஒன்றாக்குவது? ஒன்றாயின என்று கணினிக்கு எப்படிச் சொல்வது?

மாதிரி என்னும் உவமை

'முகம் மதி போன்றது' என்கிறோம். ஒளியும் குளிர்ச்சியும் ஒப்புமையாகின்றன. மதியின் களங்கத்தையும் தேய்வையும் நாம் கொள்வதில்லை. தொல்காப்பியம் உவமையை வினை, பயன், மெய், உரு என்னும் நான்கின் வழியே வகைப்படுத்துகிறது. எந்தக் கூறில் ஒப்புமை என்று தெளிந்தால்தான் உவமை பொருள் தரும்.

கணினி மாதிரியும் ஓர் உவமையே. உண்மையான தளத்தில் மணலும் சல்லியும் உண்டு. மயிரிழை போன்ற விரிசல்களும், துருவேறக் காத்திருக்கும் கம்பியும், பலகைகளுக்கு இடையே காரை நிரப்பிய கோடுகளும் உண்டு. இவையனைத்தையும் மாதிரியில் சேர்க்க இயலாது; சேர்க்கவும் வேண்டுவதில்லை. எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோமோ, அதற்குத் தேவையான பண்பை மட்டும் சேர்த்தால் போதும். தேவையான ஒன்றை விட்டுவிட்டால் மாதிரி பொய்யாகும்; தேவையற்ற பலவற்றைச் சேர்த்தால் பிழை எங்கே ஒளிந்திருக்கிறது என்பதே தெரியாமற்போகும்.

ஓர் அறை, மூன்று மாதிரிகள்

புதூரில் ஓர் அறை கட்டுவதாக எண்ணிக்கொள்வோம். நீளம் 3.6 மீட்டர், எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடைப்பட்ட அகலம் 3 மீட்டர். 300 மில்லிமீட்டர் அகலமும் 60 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட 12 முன்வார்ப்புப் பலகைகளை அடுத்தடுத்து வைத்து, அவற்றின்மேல் 60 மில்லிமீட்டர் தடிமனுக்குப் புதுக் கற்காரை இட்டால் 120 மில்லிமீட்டர் தளம் உருவாகும். வலுவூட்டிய கற்காரையின் எடை ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 2500 கிலோகிராம். ஆகவே, 3 மீட்டர் நீளமுள்ள ஒரு பலகையின் எடை 135 கிலோகிராம்.

முதல் மாதிரி, தளத்தை 20 மில்லிமீட்டர் கனசதுரங்களாகப் பகுப்பது. நீளவாக்கில் 180, அகலவாக்கில் 150, தடிமனில் 6 என, 1,62,000 கனசதுரங்கள் கிடைக்கும். அவற்றின் மூலைகளாகிய கணுக்கள் 1,91,317. ஒவ்வொரு கணுவும் மூன்று திசைகளில் நகரலாம் என்பதால், கணினி 5,73,951 மாறிகளின் மதிப்பைக் கண்டறிய வேண்டும்.

இரண்டாம் மாதிரி, தளத்தைத் தடிமனற்ற தட்டாகக் கருதி, 300 மில்லிமீட்டர் சதுரங்களாகப் பகுப்பது. தடிமன் என்னும் பண்பு, விறைப்பு என்னும் எண்ணாக உள்ளே நிற்கும். இப்போது சதுரங்கள் 120, கணுக்கள் 143. ஒவ்வொரு கணுவிலும் கீழிறக்கம் ஒன்று, சாய்வு இரண்டு என மூன்று மாறிகள். ஆக மொத்தம் 429 மாறிகள் மட்டுமே.

மூன்றாம் மாதிரி இன்னும் எளியது. ஒரு பலகையின் அகலமுள்ள பட்டையை மட்டும் எடுத்து, அதனை இரு முனைகளிலும் தாங்கப்பட்ட உத்திரமாகக் கருதுவது. இதற்குக் கணினியும் வேண்டா. தாளும் எழுதுகோலும் போதும்.

இம்மூன்றில் எது சிறந்தது? கேள்வியைப் பொறுத்தது விடை. தளம் முழுவதும் சீரான சுமை பரவியிருந்தால், பட்டை மாதிரியே போதுமான விடை தரும். சுமை ஓரிடத்தில் குவிந்திருந்தால் தட்டு மாதிரி வேண்டும். பலகையில் பதித்த தூக்குக் கொக்கியைச் சுற்றி விரிசல் எழுமா என்று அறிய வேண்டுமாயின், அந்தச் சிற்றிடத்திற்கு மட்டும் நுண்ணிய கனசதுர மாதிரியை நாடலாம்.

தெரிந்து தெளிவோம்

பெரிய உருவைச் சிறு கூறுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றின் விறைப்பையும் கணக்கிட்டு, மீண்டும் கணுக்களில் கோத்து விடை காண்பது 'வரம்புறு கூறு முறை'. வானூர்தி இறக்கைகளின் விறைப்பைக் கணக்கிடும் தேவையிலிருந்து 1956இல் டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் ஆகிய நால்வர் எழுதிய ஆய்வுரை இம்முறைக்கு வழிகாட்டியது. 1960இல் கிளஃப் இதற்குப் பெயரிட்டார். இன்று கட்டடப் பொறியாளர்கள் பயன்படுத்தும் மென்பொருள்கள் பலவற்றின் அடிப்படை இதுவே.

இணைப்பே உயிர்

ஒரு பலகையின்மேல் மட்டும் உளுந்து மூட்டைகளை அடுக்குகிறோம் என்க. அப்போது பக்கத்துப் பலகைகள் என்ன செய்யும்? இதற்கு மூன்று விடைகள் உண்டு.

பலகைகளுக்கு இடையே எப்பிணைப்பும் இல்லையெனில், சுமை முழுவதையும் அந்த ஒரு பலகையே தாங்கும். அது மட்டும் தொய்யும். பலகைகளுக்கு இடையேயுள்ள பள்ளத்தில் காரை நிரப்பப்பட்டிருந்தால், ஒன்று இறங்கும்போது அடுத்ததையும் உடன் இழுக்கும். கதவின் கீல் போல, அவ்விணைப்பு சுமையைக் கடத்தும். ஆனால் வளைவைக் கடத்தாது. மேலே கம்பிவலை பரப்பிப் புதுக் கற்காரை இட்டுப் பிணைத்தால், தளம் ஏறத்தாழ ஒரே தட்டாக நடந்துகொள்ளும்.

கணினியில் 'தட்டு' என்று ஒரு சொல்லை இட்டுவிட்டால், அது மூன்றாம் நிலையை எடுத்துக்கொண்டு கணக்கிடும். களத்தில் இருப்பது முதல் நிலையாக இருக்கலாம். திரையில் வண்ணப்படம் அழகாக விரியும். ஆனால், அது வேறொரு தளத்தின் படம். இந்த இடைவெளியை நிரப்பப் பொறியாளர்கள் எளிய வழி ஒன்றைக் கையாளுகின்றனர். பலகையின் நீளவாக்கில் முழு விறைப்பையும், குறுக்குவாக்கில் குறைத்த விறைப்பையும் தட்டுக்குத் தருகின்றனர். எவ்வளவு குறைப்பது என்பதில் ஐயம் இருப்பின், இணைப்பே இல்லாத நிலை, முழு இணைப்புள்ள நிலை ஆகிய இரு எல்லைகளிலும் கணக்கிட்டு, இரண்டிற்கும் தாங்குமாறு தளத்தை அமைக்கின்றனர். ஐயத்தை மறைக்காமல் கணக்கிற்குள்ளேயே கொணரும் நேர்மை இது.

நிலநடுக்கத்தின்போது இணைப்பின் தேவை மேலும் கூடுகிறது. பன்மாடிக் கட்டடத்தை மாதிரியாக்குவோர், ஒவ்வொரு தளத்தையும் தன் தளத்திற்குள் சிதையாத விறைப்புத் தட்டாகக் கருதுவதுண்டு. அவ்வாறு கருதினால், தளத்தின் கிடைமட்ட அசைவு முழுவதையும் இரு நகர்வு, ஒரு சுழற்சி என மூன்றே எண்களால் சொல்லிவிடலாம். வியப்பூட்டும் எளிமை! ஆனால், பலகைகள் தம்முள்ளும் சுவர்களோடும் பிணைக்கப்பட்டிருந்தால் மட்டுமே அது உண்மை. 2001 சனவரி 26 அன்று குசராத்தின் பூச் பகுதியை உலுக்கிய நிலநடுக்கத்தில், முன்வார்ப்புப் பலகைகளால் அமைந்த பள்ளிக் கட்டடங்கள் பல, பலகைகளிடையே போதிய பிணைப்பு இல்லாமையால் சிதைந்தன. அன்று குடியரசு நாள் விடுமுறை. வகுப்பு நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், மாதிரியில் நாம் எழுதும் ஒரு சொல்லின் கனம் விளங்கும்.

தெரிந்து தெளிவோம்

1968 மே 16 அன்று இலண்டனில், உரோனன் பாயிண்ட் என்னும் 22 மாடிக் குடியிருப்பின் 18ஆம் மாடியில் எரிவாயு வெடித்தது. முன்வார்ப்புச் சுவர்ப் பலகை ஒன்று வெளியே தள்ளப்பட்டதும், அதனை நம்பியிருந்த மேல்தளங்கள் சரிந்தன. அவற்றின் எடையால் கீழ்த்தளங்களும் மூலையோரம் முழுவதும் சரிந்தன. நால்வர் உயிரிழந்தனர். ஓர் உறுப்பு அழிந்தாலும் மற்றவை தாங்கி நிற்குமாறு பிணைக்க வேண்டும் என்னும் விதி உலகெங்கும் வலுப்பெற இந்நிகழ்வு காரணமாயிற்று.

ஒரு தளத்தின் இரு பருவங்கள்

முன்வார்ப்புத் தளத்திற்கு இரு பருவங்கள் உண்டு. முதற்பருவத்தில், பலகைகள் சுவர்மேல் வைக்கப்பட்டு, ஈரக் கற்காரை மேலே கொட்டப்படுகிறது. அப்போது ஈரக் கற்காரை வலிமையன்று, சுமை மட்டுமே. ஒரு சதுர மீட்டருக்குப் பலகையின் எடை 150 கிலோகிராம், ஈரக் கற்காரையின் எடை 150 கிலோகிராம் என 300 கிலோகிராமையும் 60 மில்லிமீட்டர் பலகை தனியே தாங்க வேண்டும். இரண்டாம் பருவத்தில், மேற்கற்காரை இறுகிப் பலகையோடு ஒன்றாகிவிடும்.

இவ்விரு பருவங்களின் வேறுபாடு எவ்வளவு? விறைப்பு, தடிமனின் மும்மடிக்கு ஏற்ப மாறும். 60 மில்லிமீட்டர் பலகையின் விறைப்பை 1 எனக் கொண்டால், தடிமன் இருமடங்கான 120 மில்லிமீட்டர் தளத்தின் விறைப்பு 8. ஆனால், பழையதும் புதியதும் ஒட்டாமல் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கினால், விறைப்பு 1, 1 எனக் கூடி 2 மட்டுமே ஆகும். ஒரே அளவு கற்காரை. ஒரே அளவு செலவு. ஒட்டினால் நான்கு மடங்கு பயன். இதற்காகவே பலகையின் மேற்பரப்பை வழவழப்பாக்காமல் சொரசொரப்பாக விடுகின்றனர். அதன்மேல் படிந்த தூசியைக் கழுவாமல் கற்காரை கொட்டும் கொத்தனார், தம்மை அறியாமலேயே 8 என்னும் எண்ணை 2 நோக்கித் தள்ளுகிறார்.

முதற்பருவத்தில் பலகையின் நடுவே முட்டுக் கொடுப்பதற்கும் கணக்கே காரணம். சீரான சுமை ஏற்ற பலகையின் தொய்வு, தாங்கிகளுக்கு இடைப்பட்ட தொலைவின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப மாறும். நடுவில் முட்டு வைத்தால் 3 மீட்டர் 1.5 மீட்டராகும்; தொய்வு பதினாறில் ஒன்றாகவோ அதற்கும் குறைவாகவோ சுருங்கும். கற்காரை போதிய வலிமை பெறுமுன் அம்முட்டை எடுப்பது ஆபத்து என்பதும் இதனால் விளங்கும். ஆகவே, முடிந்த தளத்திற்கு மட்டும் மாதிரி எழுதுவது போதாது. கட்டப்படும் தளத்திற்கும் தனியே ஒரு மாதிரி வேண்டும். கூரைக்குக் கீழே முதலில் நிற்பவர் வீட்டுக்காரர் அல்லர், தொழிலாளர்.

மண்ணை மறவாத மாதிரி

மென்பொருளில் தாங்கியைக் குறிக்க ஒரு சிறு முக்கோணம் வரைவார்கள். அம்முக்கோணம் ஒருபோதும் அசையாது என்பது அதன் பொருள். கரிசலில் அந்த உறுதிமொழியை யார் தருவது?

இரு சுவர்கள்மேல் வைத்த பலகை, ஒரு சுவர் சற்றுத் தாழ்ந்தால் தானும் சற்றுச் சாயும். அதனுள் புதிய விசை எழாது. மூன்று சுவர்களின்மேல் தொடர்ச்சியாக ஓடும் தளமோ, ஒரு சுவர் தாழ்ந்தாலும் வளைந்து விரிசலிடும். தொடர்ச்சி வலிமை தருவது உண்மையே. அசையும் மண்ணில் அதுவே இடரும் தரும். இன்னோர் இடரும் உண்டு. சுவர் வெளிப்புறமாகச் சாய்ந்தால், அதன்மேல் படிந்துள்ள பலகை முனையின் தாங்கல் நீளம் குறையும். ஆகவே, முனைகளில் போதிய தாங்கல் நீளமும் பிணைப்புக் கம்பியும் இன்றியமையாதவை.

இடரை வேரிலேயே தடுக்கும் வழியும் உண்டு. ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்தெடுத்த குமிழடித் தூண்கள், அடிப்பகுதியில் குமிழ்போல் விரிந்தவை. பருவத்திற்குப் பருவம் ஈரம் மாறும் மேல்மண்ணைத் தாண்டி, ஏறத்தாழ 3.5 மீட்டர் ஆழத்தில் அவை ஊன்றப்படுகின்றன. மேல்மண் உப்பினாலும் சுருங்கினாலும் தூண் பெரிதும் அசைவதில்லை. திரையில் வரைந்த முக்கோணத்தைக் களத்தில் மெய்யாக்குவது அத்தூணே. மாதிரியை மண்ணுக்கு ஏற்ப மாற்றலாம். அல்லது, அடித்தளத்தை மாதிரிக்கு ஏற்ப அமைக்கலாம். இரண்டும் செய்யாமல் இருப்பதே பிழை.

பெரும்பாக்கத்தில் எழுந்த வீடுகள்

நாட்டின் ஆறு நகரங்களில் ஆறு வேறு தொழில்நுட்பங்களால் வீடுகள் கட்டும் கலங்கரை விளக்கத் திட்டத்திற்கு 2021 சனவரி 1 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. அவற்றுள் சென்னையை அடுத்த பெரும்பாக்கத்திற்குத் தெரிவு செய்யப்பட்டது முன்வார்ப்புக் கற்காரை முறை. தரைத்தளமும் ஐந்து மாடிகளும் கொண்ட கட்டடத் தொகுதிகளாக 1152 வீடுகள் அங்கு எழுந்தன. 2022 மே 26 அன்று திறந்துவைக்கப்பட்டன.

ஒரே வடிவம் பன்முறை திரும்பி வரும் இத்தகைய பணிகளில் எளிய மாதிரியின் பயன் பன்மடங்காகிறது. ஒரு பலகைக்குச் செய்த சரியான கணக்கு ஆயிரம் பலகைகளைக் காக்கும். ஒரு பலகைக்குச் செய்த பிழையும் ஆயிரம் பலகைகளில் திரும்ப வரும். வார்ப்பதற்கு முன்பே பிழையைக் காண்பதற்கு மாதிரியே கருவி.

கணினியை வினவும் கணக்கு

கணினி தந்த விடையை எப்படிச் சோதிப்பது? நம் புதூர் அறைக்கு மீண்டும் வருவோம். எளிமை கருதி எடைகளைக் கிலோகிராமிலேயே கொள்வோம். ஒரு சதுர மீட்டருக்குத் தளத்தின் எடை 300, தரைப்பூச்சு 100, மனிதரும் பொருள்களும் 200. கூடுதல் 600 கிலோகிராம். அறையின் பரப்பு 10.8 சதுர மீட்டர். எனவே, மொத்தச் சுமை 6480 கிலோகிராம்.

மென்பொருள் எத்தனை நுட்பமாயினும், அது காட்டும் தாங்கு விசைகளைக் கூட்டினால் இந்த 6480 வந்தாக வேண்டும். இரு சுவர்களும் ஆளுக்குப் பாதி தாங்க வேண்டும். வரவில்லையென்றால் ஒரு சுமையை மறந்திருக்கிறோம். அல்லது ஓர் அலகைத் தவறாக இட்டிருக்கிறோம். ஐந்து இலட்சம் மாறிகளின் பிழையை ஒரு பெருக்கல் கணக்கு காட்டிக்கொடுத்துவிடும். அதுபோலவே, நடுப்பலகையின் தொய்வைப் பட்டை மாதிரியால் கையிலே கணக்கிட்டு, திரையில் தோன்றும் எண்ணோடு ஒப்பிட வேண்டும். சிறு வேறுபாடு இயல்பு. பத்து மடங்கு வேறுபாடு எச்சரிக்கை. கற்காரை விரிசலுற்றபின் விறைப்பு குறையும் என்பதையும், ஆண்டுகள் செல்லச் செல்ல நிலையான சுமையால் தொய்வு பெருகும் என்பதையும் நினைவிற்கொண்டே இறுதி முடிவுக்கு வர வேண்டும்.

கல்தச்சர்கள் கற்பலகையைத் தட்டி, எழும் ஓசையால் அதன் உள்விரிசலை அறிந்தனர். கணினியின் விடையைத் தட்டிப் பார்க்கும் உளியோசைதான் இந்தக் கைக்கணக்கு. எளிய மாதிரி என்பது அறியாமையால் சுருக்கியது அன்று, அறிந்து சுருக்கியது. எதை விட்டோம், ஏன் விட்டோம் என்று சொல்லத் தெரிந்தவரே அதனைப் பயன்படுத்தத் தகுதியுடையவர். கரிசல் காட்டில் மழை இரவொன்றில் ஒரு குடும்பம் அச்சமின்றி உறங்குவதற்கு, மேலே உள்ள தளம் மட்டுமன்று, அதனைக் கணக்கிட்டவரின் நேர்மையும் காவலாக நிற்கிறது.

கலைச்சொல் அறிவோம்

முன்வார்ப்பு – பணிமனையில் வார்த்துக் களத்தில் பொருத்துதல்
விறைப்பு – வளைவை எதிர்க்கும் பண்பு
தொய்வு – சுமையால் ஏற்படும் கீழிறக்கம்
கணு – கூறுகள் ஒன்றோடொன்று சேரும் புள்ளி
தாங்கல் நீளம் – பலகை முனை சுவர்மேல் படிந்திருக்கும் நீளம்

கற்பவை கற்றபின்…

1. ஒரே அளவுள்ள இரு மர அளவுகோல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இரு முனைகளையும் தாங்கி நடுவில் அழுத்துக. பின்னர் அவற்றைப் பசையால் ஒட்டி, உலர்ந்தபின் மீண்டும் அழுத்துக. வேறுபாட்டை வகுப்பில் எடுத்துரைக்க.
2. உங்கள் ஊர்க் கோவில் மண்டபத்தில் தூண்களின் இடைவெளியையும் கற்பலகைகளின் தடிமனையும் அளந்து, உங்கள் வகுப்பறைத் தளத்தோடு ஒப்பிட்டுக் கட்டுரை எழுதுக.
3. உங்கள் பகுதி மண் மழையிலும் கோடையிலும் அடையும் மாற்றங்களை முதியோரிடமும் கொத்தனாரிடமும் கேட்டுத் தொகுக்க.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. பலகையின் தடிமன் இருமடங்கானால் அதன் விறைப்பு
அ) 2 மடங்காகும் ஆ) 4 மடங்காகும் இ) 8 மடங்காகும் ஈ) 16 மடங்காகும்

2. காரை நிரப்பிய கீல் போன்ற இணைப்பு
அ) சுமையைக் கடத்தும்; வளைவைக் கடத்தாது ஆ) வளைவைக் கடத்தும்; சுமையைக் கடத்தாது இ) இரண்டையும் கடத்தும் ஈ) இரண்டையும் கடத்தாது

குறுவினா

1. கல்மண்டபங்களில் தூண்கள் நெருங்கி நிற்பதன் காரணம் யாது?
2. முன்வார்ப்புப் பலகையின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக விடுவது ஏன்?

சிறுவினா

1. கணினி மாதிரி உவமையோடு ஒப்பிடப்படுவதன் பொருத்தத்தை விளக்குக.
2. கணினி தரும் விடையைக் கைக்கணக்கால் சோதிக்கும் முறையைப் புதூர் அறையைச் சான்றாகக் கொண்டு எழுதுக.

நெடுவினா

'இணைப்பே உயிர்' என்னும் கருத்தை, முன்வார்ப்புத் தளங்களின் இயல்பையும் பூச், உரோனன் பாயிண்ட் நிகழ்வுகளையும் சான்றுகாட்டி நிறுவுக.